கரைக்கு நீலக்கொடி, மீனுக்கு?

2021 ஆகஸ்ட் 28ஆம் தேதி புதுச்சேரி வீராம்பட்டினத்தில் போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கடலில் வீராம்பட்டினத்துப் படகுகளும் நல்லவாட்டுப் படகுகளும் எதிரெதிரே நின்றுவிட்டன. காரணம் சுருக்குமடி வலை. போடுவோம் என்று ஒரு தரப்பு, போடவிட மாட்டோம் என்று இன்னொரு தரப்பு. அடுத்த மாதமே, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. துப்பாக்கிச் சத்தத்துக்கும் கொடி அறிவிப்புக்கும் நடுவே ஒரு மாதம்கூட இல்லை.

நீலக்கொடி 1985இல் பிரான்சில் பிறந்தது. இன்று அதை வழங்கும் அமைப்பு டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஊருக்குப் பிரான்சில் பிறந்த கொடி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. மொத்தம் 33 நிபந்தனைகள். குளிக்கும் நீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காக்கும் வீரர்கள், குப்பை அகற்றும் ஏற்பாடு, சக்கர நாற்காலி போவதற்குப் பாதை என்று பட்டியல் நீளும். அந்த நீரில் மீன் இருக்கிறதா, அதை எந்த வலையால் பிடிக்கிறார்கள் என்று கொடி கேட்காது. அது அதன் வேலையும் இல்லை.

மீனைப் பற்றிக் கேட்கிற சான்றிதழ்கள் தனியாக இருக்கின்றன. இந்த மீன் அளவோடு பிடிக்கப்பட்டது, இதைப் பிடித்ததால் கடல் கெடவில்லை, நாளைக்கும் இந்த மீன் இருக்கும் என்று பாக்கெட்டின் மேல் ஒட்டித் தருகிற முத்திரைகள். ஐரோப்பிய, அமெரிக்க அங்காடிகளில் அவற்றைப் பார்க்காமல் மீன் வாங்குவது இப்போது கஷ்டம். அப்படி ஒரு முத்திரை புதுச்சேரிக் கரைக்கு வர முடியுமா, வந்தால் யாருக்கு லாபம் என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கரையில் முன்பு என்ன கட்டுப்பாடு இருந்தது, அது எங்கே போனது என்று பார்த்துவிடுவது நல்லது.

புதுச்சேரிக்கு வெகுகாலம் துறைமுகம் கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலை தாண்டிக் கரை சேர, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான் வழி. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் மீனவர்கள். கவர்னரே ஆனாலும் அந்த அலையைத் தாண்ட மீனவர் கை வேண்டும். 1866இல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டிய பிறகுதான் அந்தத் தேவை குறைந்தது. அந்தப் பாலத்தையும் 1952 புயல் கொண்டுபோய்விட்டது. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேரைப் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம், துணைநிலை ஆளுநர், முதலமைச்சர் என்று இன்றுவரை தொடர்கிறது.

ஆட்சி தேருக்கு வரும். கடலுக்குள் யார், எப்போது, எந்த வலையை இறக்குவது என்பதில் தலையிடாது. அது ஊர்ப் பஞ்சாயத்தின் பாடு. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் என்று ஒவ்வொரு குப்பத்துக்கும் தனிப் பஞ்சாயத்து உண்டு. புது வலை ஒன்று வந்தால் கோயில் முன்னால் கூட்டம் கூடும். அடுத்தவன் வலையை அது அறுக்குமா, மீனைக் கலைத்துவிடுமா, பெரிய வலைக்காரன் ஒருவன் மட்டும் அள்ளிக்கொண்டு போக மற்றவன் வெறுங்கையோடு வருவானா என்று பேசி முடிவெடுப்பார்கள். மீறினால் அபராதம், அதற்கும் மசியாவிட்டால் ஊர் விலக்கம். அக்கம்பக்கத்து ஊர்களைத் தொடும் விஷயம் என்றால் பல ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து உட்காருவார்கள். சோழமண்டலக் கரையின் இந்த ஏற்பாட்டை நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் 1990களில் கூடவே இருந்து பார்த்து, 2001இல் புத்தகமாக வெளியிட்டார். அரசின் சட்டம் ஒன்று, கரையின் சட்டம் ஒன்று என இரண்டு ஓடுவதையும், பல நேரம் கரையின் சட்டமே கடலில் செல்லுபடியாவதையும் அதில் காட்டினார்.

இதைப் பொற்காலமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஊர் விலக்கம் என்பது நல்ல தண்டனையும் அல்ல. மீன் பெருக வேண்டும் என்பதைவிட ஊருக்குள் சண்டை வரக்கூடாது என்பதே பல தீர்ப்புகளின் உள்நோக்கம். தவிர, கட்டுமரத்தில் போகிறவர் எவ்வளவு பேராசைக்காரராக இருந்தாலும், பாயும் துடுப்பும் கொண்டுபோகிற தூரத்துக்கு மேல் அவர் கடலுக்குத் தீங்கு செய்துவிட முடியாது. பருத்தி நூல் வலையைக் காய வைக்க வேண்டும், கிழிந்ததைக் கோக்க வேண்டும், காற்று மாறினால் கரையில் உட்கார வேண்டும். கடலைக் காத்ததில் பாதிப் பங்கு பஞ்சாயத்துக்கு என்றால், மீதிப் பாதி அந்த இயலாமைக்கு.

அன்றைக்குப் புதுச்சேரியில் மீன் வாங்குகிறவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. காலையில் மரம் கரை சேரும், பெண்கள் கூடையில் வாங்கித் தலைமேல் வைத்து நடந்தே பெரிய மார்க்கெட்டுக்கும் தெருக்களுக்கும் போவார்கள். கூடையில் நெத்திலி நிறைந்திருந்தால் கடலில் நெத்திலி நிறைந்திருக்கிறது. வஞ்சிரம் இல்லையென்றால் அது வருகிற பருவம் இன்னும் ஆகவில்லை. வாடைக் காற்றில் எது, கச்சானில் எது என்று சமையலறைக்கே தெரியும். கடலின் நிலவரம் கூடை வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அந்தக் கூடையில் பொய் சொல்லவும் இடமில்லை. ஐஸ் இல்லாத காலத்தில் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்க முடியுமா என்ன?

1960களிலும் 70களிலும் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியபோது எல்லாம் மாறத் தொடங்கியது. ஜப்பானும் அமெரிக்காவும் வாங்கின. இறால் கடலடியில் கிடக்கும் உயிர் என்பதால் அடியை வாரும் இழுவை மடி வந்தது, அதை இழுக்க விசைப்படகு வந்தது, விசைப்படகுக்குக் கடன் வந்தது. நைலான் வலை கிழியாது, காய வைக்கவும் வேண்டாம். 80களில் சின்னப் படகுகளுக்கும் மோட்டார் ஏறியது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களைக் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அந்தச் சுவரில் தடுக்கி நின்றது. வடக்கே இருந்த நகரக் கடற்கரையும், அதைத் தாண்டி வைத்திக்குப்பமும் குருசுக்குப்பமும் மணலை இழந்தன. மாசி மகத்துக்குப் பல ஊர் சாமிகள் வந்து தீர்த்தவாரி நடக்கும் வைத்திக்குப்பத்தில், கரைக்குக் காவலாகப் பாறாங்கல்லைக் கொட்ட வேண்டியதாயிற்று. பின்னாளில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். அது காற்று வாங்க வருகிறவர்களின் மணல்.

மீனவருக்கு மணல் போனது அழகு போன விஷயமல்ல. கரைவலை இழுக்க மணல் வேண்டும். மரத்தை ஏற்றிவைக்க, வலையைப் பரப்ப, மீனைக் கொட்டிக் கூறு போட மணல் வேண்டும். கரை போனதும் வேலை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு நகர்ந்தது. ஊர்க் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்த மீன், யார் என்ன கொண்டுவந்தார் என்று ஊருக்கே தெரியாத ஓர் இடத்தில் இறங்கத் தொடங்கியது. பஞ்சாயத்தின் கட்டுப்பாடு தளர்ந்ததற்கு அரசியல், பணம் என்று எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். கரையே காணாமல் போனதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவி என்ற பெயரில் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் ஏறக்குறைய மறைந்தது. அப்புறம்தான் சுருக்குமடி பெரிதாகப் பரவியது. கூட்டமாக வரும் மத்தி, கவலை, கானாங்கெளுத்தி, சூரை இவற்றைச் சுற்றி வளைத்து, அடியில் ஓடும் கயிற்றை இழுத்துப் பை போல மூடிவிடுகிற வலை. தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்துக் கூட்டத்தைக் கண்டுபிடித்த கண்ணுக்குப் பதிலாக இப்போது எதிரொலிக் கருவி. விழுந்தால் லட்சக்கணக்கில் விழும், விழாவிட்டால் டீசல் கடன். இந்த வலைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: அடியோடு வாரும் இழுவை மடியை விட்டுவிட்டு எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்கிறார்கள். எதிர்க்கிறவர்களின் நியாயம் இன்னும் எளிது. ஒரு கூட்டத்தை முழுசாக அள்ளிவிட்டால் பக்கத்தில் செவுள் வலை போட்டவனுக்கு என்ன மிஞ்சும்? தமிழ்நாடு 2000இலேயே இதைத் தடை செய்தது. புதுச்சேரியிலும் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் தடைதான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் படகுகள் 12 கடல் மைலுக்கு அப்பால் திங்களும் வியாழனும் மட்டும் காலை 8 முதல் மாலை 6 வரை இந்த வலையைப் போடலாம் என்று இடைக்கால உத்தரவு தந்தது. கோயில் முன்னால் தீர்ந்த வழக்கு டெல்லிக்குப் போய், கிழமையும் மணியும் குறித்து வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

உலகத்தின் மறுமூலையில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 1992இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் அடியோடு வற்றியது. நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்கே சோறு போட்ட மீன். அரசு மீன்பிடியை மூட, சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். பயந்தவர்களில் மீன் வியாபாரிகளும் உண்டு. அன்றைக்கு உறைந்த மீன் விற்பனையில் பெரிய கையாக இருந்த யூனிலீவர், உலக இயற்கை நிதியமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்போடு சேர்ந்து 1997இல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலைத் தொடங்கியது. எம்.எஸ்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அரசுகள் கேட்க மாட்டேன் என்கின்றன, வாங்குகிறவன் கேட்டால் கேட்கும் என்ற கணக்கு. பண்ணை மீனுக்கும் இறாலுக்கும் ஏ.எஸ்.சி. என்ற சகோதர அமைப்பு 2010இல் வந்தது.

சென்னையிலிருந்து இயங்கும் மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பான ஐ.சி.எஸ்.எஃப். தன் ‘சமுத்ரா’ இதழில் அப்போதே இதைக் கேள்வி கேட்ட கட்டுரைகளை வெளியிட்டது. பெரிய கம்பெனியும் வெள்ளைக்காரச் சூழல் அமைப்பும் சேர்ந்து எழுதும் விதிக்கு, ஒரு வலையில் இருபது வகை மீன் பிடிக்கிற வெப்பக் கடல் மீனவன் எப்படி உட்படுவான் என்பது கேள்வி. கேள்வி பழசாகவில்லை.

எம்.எஸ்.சி. தணிக்கை மூன்று விஷயத்தைப் பார்க்கும். மீன் இருப்பு நலமாக இருக்கிறதா, பிடிக்கும் முறை மற்ற உயிர்களையும் கடலடியையும் கெடுக்கிறதா, ஆள்வதற்கு நம்பகமான நிர்வாகம் இருக்கிறதா. இவற்றின் கீழே பல அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 100க்கு மதிப்பெண். எதிலாவது 60க்குக் கீழே போனால் தோல்வி. 60க்கும் 80க்கும் நடுவே என்றால், குறித்த காலத்துக்குள் சரிசெய்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு சான்றிதழ், நடுவில் ஆண்டுதோறும் சோதனை. கட்டணம் தணிக்கை செய்யும் தனியார் நிறுவனத்துக்குப் போகிறது. 15,000 முதல் 1,20,000 அமெரிக்க டாலர் வரை ஆகலாம் என்று எம்.எஸ்.சி.யே சொல்கிறது. நல்லவாட்டு ஃபைபர் படகுக்காரர் ஒருவர் தனியாக நினைத்துப் பார்க்கிற தொகையா இது? கூட்டமாகச் சேர்ந்தால்தான் உண்டு.

அப்படிச் சேர்ந்து ஜெயித்த ஊர் ஒன்று தொலைவில் இல்லை. கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்பவர்கள் 2014 நவம்பரில் எம்.எஸ்.சி. சான்றிதழ் பெற்றார்கள். இந்தியாவில் அதுதான் முதல். 1980களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா வாங்க ஆரம்பித்ததும் அள்ளி அள்ளி, 1991இல் 10,000 டன் வரை எடுத்தார்கள். 1993இல் அது பாதியாகச் சரிந்தது. அந்த அடிக்குப் பிறகு, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமான சி.எம்.எஃப்.ஆர்.ஐ.யின் ஆலோசனைப்படி இனப்பெருக்க மாதங்களில் எடுப்பதில்லை, குறிப்பிட்ட கண்ணளவுக்குக் குறைந்த வலை கூடாது, சின்ன மட்டியை ஏற்றுமதி செய்யக் கூடாது, இயந்திரம் வைத்து வாரக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மட்டி திரும்பி வந்தது. சுமார் 3,000 பேர் பிழைக்கும் தொழில். இருபது வருடம் கழித்து வந்த சான்றிதழ், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது.

இதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். அஷ்டமுடிக்கு எல்லை இருக்கிறது. மட்டி ஓடிப்போகாது. எடுக்கிறவர் யார் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியும். விதி முதலில் கரையில் பிறந்தது, காகிதம் பிறகு வந்தது. புதுச்சேரியில் இது தலைகீழாக நடந்துவிட்டது. கரையின் விதி கரைந்துகொண்டிருந்த அதே வருடங்களில் காகிதம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தது.

இந்தியக் கடல் உணவு எல்லாவற்றுக்கும் வந்த காகிதங்கள்தான் அவை. 1997இல் சுகாதாரம் சரியில்லை என்று ஐரோப்பா இந்தியக் கடல் உணவை நிறுத்தியபோது, பதப்படுத்தும் ஆலைகள் தரையிலிருந்து கூரைவரை மாறின. தலைக்கு வலை போட்ட தொப்பி, ரப்பர் பூட்ஸ், குளோரின் கலந்த தண்ணீரில் கால் நனைத்துவிட்டு உள்ளே போவது எல்லாம் அதற்குப் பிறகு கட்டாயமானவை. 2010 ஜனவரியிலிருந்து, திருட்டுத்தனமாகப் பிடித்த மீன் இல்லை என்பதற்கு ஐரோப்பா பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது. ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடா அதைத் தருகிறது. இந்தப் பூச்சாண்டி வெறும் பூச்சாண்டி இல்லை என்பது இலங்கைக்குத் தெரியும். 2015 ஜனவரியில் அந்த நாட்டு மீனை ஐரோப்பா முற்றிலும் நிறுத்தி, 2016 ஜூனில்தான் மறுபடி வாசலைத் திறந்தது.

ஆமை விவகாரம் இன்னும் நீளம். இழுவை மடியில் ஆமை சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். மடிக்குள் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினால் இறால் இடுக்கு வழியாகப் பையில் போய் விழும், ஆமை சட்டத்தில் முட்டி மேல் வாசல் வழியாக வெளியேறும். இந்தக் கம்பிச் சட்டம் இல்லாத நாட்டின் கடல் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989இலேயே சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, ஆமையைக் காப்பது சரி, நாட்டுக்கு நாடு பாகுபாடு காட்டியதுதான் தப்பு என்றது. 2019இல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை நிறுத்தியது. பண்ணை இறால் மட்டும் போகிறது. மீனவர்கள் சொல்லும் குறை, ஆமையோடு கொஞ்சம் இறாலும் வெளியே போய்விடும் என்பது. இதற்கிடையே 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முப்பது வருடக் காகிதப் போருக்குப் பிறகும் மடிக்குள் அந்தச் சட்டம் பரவலாக ஏறவில்லை. ஏற்றுமதிக்குத்தான் கம்பிச் சட்டம் கேட்கிறார்கள், உள்ளூர் ஏலத்தில் யாரும் கேட்பதில்லை.

உள்ளூரில் என்ன கேட்கிறார்கள்? நேரு வீதி ஓரத்தில் குபேர் மார்க்கெட்டின் மீன் பகுதிக்குப் போனால் காதில் விழும். “இன்னாம்மா, நம்ம கடல் மீனா, லாரியில வந்ததா?” என்பார் ஒரு வாடிக்கைக்காரர். மீன்காரம்மா பதில் சொல்லாமல் செவுளைத் தூக்கிக் காட்டுவார். “பாரு தம்பி, ரத்தம் மாதிரி இருக்குது. காலையில இறங்குனது.” அடுத்த கேள்வி: “மருந்து கிருந்து போட்டிருக்கா?” 2018இல் ஃபார்மலின் பீதி கிளம்பியதிலிருந்து இந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது. கேரளத்தில் லாரி லாரியாக மீனைப் பிடித்தார்கள், கொச்சியின் சிஃப்ட் என்ற மீன்தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினைக் கண்டுபிடிக்கும் சோதனைத் தாளை வெளியிட்டது. என் உடம்புக்கு என்ன ஆகும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சுருக்குமடியா, தூண்டிலா, முட்டையோடு பிடித்ததா, வளர்ந்த மீனா என்று ஒருவரும் கேட்பதை நான் கேட்டதில்லை. இந்த விஷயத்தில் பாண்டிச்சேரிக்காரரைவிட பாரிஸ்காரருக்கு அதிகம் தெரிய வாய்ப்பு உண்டு, பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பதால்.

இரண்டு சந்தை இரண்டு நியாயம் என்பதுதான் இன்றைய நிலை. 2024–25இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 62,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைந்த இறால், பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. பண்ணை இறாலுக்குத்தான் ஏ.எஸ்.சி., பி.ஏ.பி. போன்ற முத்திரைகள் எளிதாகப் பொருந்துகின்றன. குளத்துக்குச் சுவர் இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறார், கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஆனால் அந்த இறாலின் தீவனத்தில் மீன்தூள் இருக்கிறது. மீன்தூள் எங்கிருந்து? இழுவை மடியில் இறாலோடு சேர்ந்து வரும் கழிசலிலிருந்தும், சுருக்குமடி அள்ளும் மத்தி, கவலையிலிருந்தும். சான்றிதழ்கள் இப்போது தீவனத்தின் பூர்வீகத்தையும் கேட்கத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. கேட்காதவரைக்கும், முத்திரை குத்திய இறால் முத்திரையில்லாக் கடலைத்தான் தின்றுகொண்டிருந்தது.

புதுச்சேரிக் கரையில் எல்லோரும் ஒத்துக்கொண்டு நடக்கும் ஒரே பெரிய விதி மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். முன்பு 45 நாளாக இருந்ததைக் கூட்டினார்கள். எந்த முத்திரைக்காரனுக்கும் இதைத் தைரியமாகக் காட்டலாம். ஆனால் மார்க்கெட்டில் அந்த 61 நாளும் மீன் தீர்ந்துபோவதில்லை. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் அங்கிருந்து ஐஸ் லாரி வந்துவிடும். விலை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். கடலின் ஓய்வு சாப்பிடுகிறவருக்குத் தெரியாமலே கழிந்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் ‘இன்சீசன் ஃபிஷ்’ போன்ற முயற்சிகளை நான் மதிக்கிறேன். கடல் சூழலியலாளர் திவ்யா கர்நாட் பிறருடன் சேர்ந்து தொடங்கியது. எந்த மாதம் எந்த மீனைச் சாப்பிடலாம், எதை இப்போதைக்கு விடலாம் என்று உள்ளூர் ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் சொல்கிறது. கூடை சொல்லிக்கொண்டிருந்த சேதியை அட்டவணையாகப் போட்டுத் தருகிறார்கள். முத்திரைக் கட்டணம் கிடையாது, தணிக்கையாளரும் கிடையாது. வஞ்சிரம், இறால் இரண்டைத் தவிர மற்றவற்றை மீன் என்றே எண்ணாத ஓட்டல் மெனுக்களை அது கொஞ்சம் அசைத்தாலே பெரிது.

கேரளம் வேறு வழியில் போகிறது. 2015இல் 14 இனம், 2017இல் 58 இனம் என்று குறைந்தபட்ச அளவு நிர்ணயித்திருக்கிறது. மத்தி 10 சென்டிமீட்டருக்கும் அயலை என்கிற கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் பிடிக்கக் கூடாது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், தனியாக ஆய்வு வேண்டாம். புதுச்சேரிக்கு இதுபோல ஒன்று பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது, பக்கத்து மாவட்டங்களும் சேர்ந்து செய்தால். கடலூர் படகும் விழுப்புரம் படகும் அதே மீனைத்தான் துரத்துகின்றன. ஒன்றிய அரசு 2025 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி 12 கடல் மைலுக்கு அப்பால் போகும் விசைப்படகுகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும். எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதும் இரட்டைப் படகு இழுவையும் கூடாது. சிறு மீனவர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை.

இத்தனை சீட்டுகளுக்கு நடுவில், தேங்காய்த்திட்டில் ஏலம் முடிந்ததும் எழுதப்படும் வியாபாரியின் நோட்டுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாருக்கு, என்ன மீன், என்ன விலை, எவ்வளவு பாக்கி என்பது அதில் இருக்கும். எந்த வலை, எவ்வளவு ஆழம் என்பது இருக்காது. சி.எம்.எஃப்.ஆர்.ஐ. ஆட்கள் மாதிரி முறையில் சில நாட்கள் சில துறைகளில் வலைவாரியாகக் கணக்கெடுக்கிறார்கள். மொத்தக் கடலின் இருப்பை மதிப்பிட அது உதவும், கூடையில் இருக்கும் இந்த வஞ்சிரம் எப்படி வந்தது என்று சொல்லாது. வியாபாரி நோட்டில் வலையின் பெயருக்கு ஒரு கட்டம் போட்டால், தூண்டிலில் வந்த வஞ்சிரத்துக்குத் தனி விலை கேட்க முடியும். அந்த விலையைக் கொடுக்க ஒயிட் டவுன் ஓட்டல்காரர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவருக்குச் சொல்ல மீன்காரம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் பொய்யாக நிரப்பினால் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். வெளியிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை வருகிற தணிக்கையாளரால் அது ஆகாது. வீராம்பட்டினமும் நல்லவாடும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால் ஆகும். 2021க்குப் பிறகு அந்தப் பேச்சு முடிந்தபாடில்லை.